விடை மலிந்த காலத்தில் பொருளியல் வகுப்பு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



பொருளியல் கற்பித்தலில் செயற்கை நுண்ணறிவு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பேசும்படி பொருளியல் துறையினர் கேட்டார்கள். தொழில்நுட்பம் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த வளாகத்திலேயே இருக்கிறார்கள். நான் பேசப்போவது வகுப்பறையைப் பற்றி.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பொருளியல் ஆசிரியர்கள் சிலர், அறிமுகப் பொருளியல் படித்து முடித்த கல்லூரி மாணவர்களுக்கு வைக்கும் நிலைப்படுத்திய தேர்வு ஒன்றை அதற்கு வைத்துப் பார்த்தார்கள். நூறு மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நுண்ணினப் பொருளியலில் 91 பேரையும் பேரினப் பொருளியலில் 99 பேரையும் அது முந்தியிருந்தது. இன்றைய பதிப்புகளோடு ஒப்பிட்டால் அது பழைய பதிப்பு.

நம் பாடத்தின் முதல் பருவத்திலேயே ஒரு விதி வருகிறது. ஒரு பண்டத்தின் விலை விழுந்தால் அதன் பதிலீட்டுப் பண்டத்துக்குத் தேவை குறையும். நிரப்புப் பண்டத்துக்குத் தேவை கூடும். இப்போது விலை விழுந்திருக்கும் பண்டம், விடை. தேற்றத்தின் நிறுவல், வரைபட விளக்கம், கட்டுரைச் சுருக்கம், கணினி நிரல் எல்லாமே கிட்டத்தட்ட இலவசமாகிவிட்டன. நோட்ஸ் சொல்லி எழுதவைக்கும் வேலை இதற்குப் பதிலீடு. அதன் மதிப்பு இனி விழும். ஒரு கேள்வியை உருவாக்குவது, ஓர் எண் எங்கே எப்படிப் பிறந்தது என்று தேடிப் போவது, ஒரு முடிவைச் சொல்லி அதற்குப் பொறுப்பேற்று நிற்பது ஆகிய மூன்றும் நிரப்பு. அவற்றின் மதிப்பு கூடுகிறது. பல்கலைக்கழகத்தின் நேரமும் மதிப்பெண்ணும் அந்த மூன்றின் பக்கம் நகர வேண்டும் என்பதே என் வாதம்.

1. முதலில் உடைந்தது தேர்வு

"தேவை நெகிழ்ச்சியின் வகைகளை விவரி." இந்தக் கேள்விக்கு விடை எழுதாமல் இந்த அரங்கில் பட்டம் வாங்கியவர் யாரும் இருக்க முடியாது. ஐந்து வகை, ஐந்து வரைபடம், பதினைந்து மதிப்பெண். கல்லூரி வாசல் கடையில் கைடு வாங்கி, முந்தைய ஐந்தாண்டு வினாத்தாளைப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு படித்தால் போதும் என்ற ஏற்பாடு பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. விடையை ஒப்பிப்பதுதான் பொருளியல் அறிவு என்று நாமே தீர்மானித்து வைத்திருந்தோம். அந்தத் தீர்மானம் எவ்வளவு பலவீனமானது என்பதை ஒரு மென்பொருள் ஒரே மாலையில் காட்டிவிட்டது.

அக மதிப்பீட்டுக்கான அசைன்மென்ட் இன்று அந்த நோக்கத்துக்குப் பயன்படவில்லை என்பதை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். இதற்குச் சில கல்லூரிகள், இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் மென்பொருளை வாங்கிவைக்கின்றன. அதை நம்பி எந்த மாணவரையும் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளை இத்தகைய கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இயந்திரம் எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. எளிய சொற்களில், குறைந்த சொல்வளத்தில் எழுதும் மாணவர்தான் அதில் மாட்டுகிறார். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படித்தான் ஆங்கிலம் எழுதுகிறார்கள்.

2. கற்றல் கூடுகிறதா, குறைகிறதா

இரண்டும் நடக்கிறது. எது நடக்கும் என்பது செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை வைத்துக் கணிதப் பாடத்தில் ஒரு சோதனை நடந்தது. ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி. இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் வடிவமைத்த கருவி. மூன்றாம் குழுவுக்கு எதுவும் இல்லை. பயிற்சி நேரத்தில் முதல் குழுவின் மதிப்பெண் 48 விழுக்காடும் இரண்டாம் குழுவின் மதிப்பெண் 127 விழுக்காடும் உயர்ந்தன. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு, எதுவுமே இல்லாமல் படித்தவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக வாங்கியது. இரண்டாம் குழுவுக்கு அந்தச் சரிவு பெருமளவு நேரவில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாம் குழு. எந்த இடத்தில் மாணவர் தடுமாறுவார், எந்தக் குறிப்பு அவரை அடுத்த அடிக்கு நகர்த்தும் என்று தெரிந்தவர் ஆசிரியர். அந்த அறிவு கருவிக்குள் போனபோதுதான் கேடு குறைந்தது.

தமிழ் வழியில் படிக்கும் மாணவர்களைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். 1960களிலும் எழுபதுகளிலும் அரசு முயற்சியில் கல்லூரிப் பொருளியல் நூல்கள் தமிழில் வந்தன. அதன் பிறகு மேற்படிப்புக்கான தமிழ் நூல்கள் வேண்டிய அளவு வரவில்லை. சமநோக்கு வளைகோடு புரியாத ஒரு மாணவி இரவு பதினொரு மணிக்கு அதைத் தமிழில் கேட்டு, புரியவில்லை என்றால் மறுபடியும் கேட்டு, மூன்றாம் முறையும் கேட்டு, யாரும் சலித்துக்கொள்ளாமல் பதில் பெறுகிறார் என்றால் அது பெரிய விஷயம். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சப்பட்டு மூன்று ஆண்டுகளையும் மௌனமாகக் கடந்த எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவாவது இந்தக் கருவியை வாசலுக்கு வெளியே நிறுத்திவைக்கக் கூடாது.

3. கேள்வி யாரிடம் இருக்கிறது

சில காலத்துக்கு முன் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் முதுகலை மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். "ஊரகக் கடன்" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. முறைசார்ந்த கடன், முறைசாராக் கடன், தகவல் சமச்சீரின்மை, பிணையம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. பிழை ஒன்றுகூட இல்லை. எந்த ஊரைப் பற்றியது என்பது மட்டும் தெரியவில்லை.

எழுதிய மாணவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "உங்க தெருவுல யாரும்மா கடன் கொடுக்கறாங்க?" என்று கேட்டேன்.

"தண்டல்காரர்தான் சார். அம்மா காய்கறிக் கடை போடறாங்க. பத்தாயிரம்னு எழுதிக்குவார், கையில ஒன்பதாயிரம் கொடுப்பார். தினம் நூறு ரூபாய், நூறு நாள். அட்டையில குறிச்சுக்குவார்."

"வட்டி எவ்வளவு வருது?"

"பத்து பர்சன்ட் சார்."

அவரது செல்பேசியிலேயே கணக்குப் போடச் சொன்னேன். முதலில் அவர் தட்டியது, பத்தாயிரம் ரூபாய் கடன், நூறு நாளுக்குப் பத்து விழுக்காடு வட்டி என்று. ஆண்டுக்கு 36.5 விழுக்காடு என்று கருவி சொன்னது. கேட்ட கேள்விக்கு அது சரியான விடை. "அம்மா கைக்கு எவ்வளவு வந்தது? திருப்பிக் கட்டுவது எப்போது தொடங்குகிறது?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு மறுபடி தட்டினார்: கைக்கு வந்தது ஒன்பதாயிரம், மறுநாளிலிருந்து தினம் நூறு, நூறு நாள். இந்த முறை ஆண்டுக்கு ஏறத்தாழ 78 விழுக்காடு என்று வந்தது. ஐம்பதாம் நாளிலேயே ஐயாயிரம் ரூபாய் திரும்பிப் போய்விடுகிறது. மொத்தக் காலத்துக்கும் சராசரியாக அந்த அம்மாவின் கையில் இருக்கும் கடன் சுமார் நாலாயிரத்து எழுநூறுதான். அதற்கு ஆயிரம் ரூபாய் வட்டி.

அதோடு முடியவில்லை. இவ்வளவு வட்டி என்றால் ஏன் வங்கிக்குப் போகவில்லை என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதிலை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை. "விடியக்காலை நாலு மணிக்கு மொத்த மார்க்கெட்டுல பணம் வேணும் சார். அவர் முந்தின நாள் ராத்திரியே வீட்டுக்கு வந்து கொடுத்துடுவார். மழையில கடை போடலைன்னா, நாளைக்குச் சேர்த்துக் கொடுங்கன்னு போயிடுவார்." நேரத்தின் விலை, இடர்ப் பங்கீடு, பரிவர்த்தனைச் செலவு மூன்றும் அந்தப் பதிலில் இருக்கின்றன. பழைய கட்டுரையை வைத்துவிட்டு அந்த அட்டையிலிருந்து புதிய கட்டுரை எழுதச் சொன்னேன். ஆங்கிலத்தைத் திருத்தவும் கணக்கைச் சரிபார்க்கவும் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னேன். இரண்டாம் கட்டுரையில் பிழைகள் இருந்தன. ஆனால் அதில் ஓர் ஊர் இருந்தது, தெருத்தெருவாக யார் யாரிடம் எத்தனை அட்டை இருக்கிறது என்ற கணக்கு இருந்தது.

கருவிக்குக் கணக்குத் தெரியும். எதைக் கணக்கிட வேண்டும் என்பது அந்த மாணவியின் வீட்டில் இருந்தது. ஆனால் அதுதான் பொருளியல் என்று அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை.

4. எண் பிறக்கும் இடம்

1999-2000 ஆம் ஆண்டில் இந்தியாவில் வறுமை எவ்வளவு என்று எந்தக் கருவியைக் கேட்டாலும் 26.1 விழுக்காடு என்று வரும். அரசு வெளியிட்ட எண் அது. 1993-94-ல் 36 விழுக்காடு. ஆறு ஆண்டுகளில் பத்துப் புள்ளி குறைந்ததா?

இந்த எண்கள் பிறக்கும் தேசிய மாதிரி ஆய்வின் 51 முதல் 54 வரையிலான சுற்றுகளில் ஒரு சோதனை நடந்தது. வீடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் கடந்த 30 நாளில் என்ன செலவு செய்தீர்கள் என்று கேட்டார்கள். மறுபாதியிடம் உணவுக்குக் கடந்த 7 நாள், துணிமணி, கல்வி போன்றவற்றுக்குக் கடந்த ஓராண்டு என்று கேட்டார்கள். ஒரே நாடு, ஒரே ஆண்டு. இரண்டாம் வகைக் கேள்விப்பட்டியலில் வறுமை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. கோடிக்கணக்கான மக்கள் ஒரு கேள்வியின் வடிவத்தால் வறுமைக்கோட்டுக்கு மேலே ஏறினார்கள். அடுத்து 1999-2000-ல் நடந்த 55 ஆம் சுற்றில் உணவுக்கு 7 நாள், 30 நாள் இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். ஒரு பதிலைச் சொன்னவர் அதற்கு இசைவாக மற்றொன்றையும் சொல்லக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. பழைய எண்ணோடு ஒப்பிட முடியுமா என்று பெரிய விவாதம் மூண்டது. வேலரி கோசெலும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டனும் 2005-ல் ஒரு முழு நூலாகவே அந்த விவாதத்தைத் தொகுத்தார்கள்.

என் மாணவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க நான் முயல்வதில்லை. கேள்விப்பட்டியலைக் கையில் கொடுத்து, பக்கத்து வீட்டில் போய், போன வாரம் எவ்வளவு பருப்பு வாங்கினீர்கள், போன மாதம் எவ்வளவு என்று கேட்டுவரச் சொல்கிறேன். ஒரு நாள் போதும். திரும்பி வரும்போது 26.1 என்ற எண்ணை அவர்கள் வேறு கண்ணால் பார்க்கிறார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி. 2010-ல் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள் இருவரும், அரசுக் கடன் ஜிடிபியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று எழுதினார்கள். சிக்கன நடவடிக்கைகளை ஆதரித்தவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவருக்கு, வெளியான ஒரு கட்டுரையின் முடிவை மறுபடி செய்து காட்ட வேண்டும் என்று வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அவர் இந்தக் கட்டுரையை எடுத்தார். எண்கள் பொருந்தவில்லை. கட்டுரையை எழுதியவர்களிடமே எக்செல் தாளைக் கேட்டு வாங்கினார். சராசரிக்கான வாய்பாட்டில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விட்டுப்போயிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படவில்லை. எடையிட்ட முறையிலும் கேள்விகள் இருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்தபோது, அதிகக் கடன் நிலையின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 என்பதிலிருந்து 2.2 விழுக்காடு ஆனது. 2013-ல் அது வெளிவந்தது.

அந்த எக்செல் தாளை இன்று ஒரு கருவியிடம் கொடுத்தால் பிழையைச் சில நொடிகளில் காட்டக்கூடும். தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்ற எண்ணம் அந்த வகுப்புப் பயிற்சியிலிருந்து வந்தது. அப்படி ஒரு பயிற்சி நம் முதுகலைப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக இருக்க வேண்டும். நிரல் எழுதக் கற்பதற்கு ஒரு பருவம் முழுவதும் செலவிட்டோம். அந்த நேரம் இப்போது மிச்சமாகிறது; அதை இதற்குக் கொடுக்கலாம்.

மூலத்தைப் பார்க்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. ஆய்வகங்களின் கண்டுபிடிப்புத் திறனைச் செயற்கை நுண்ணறிவு பெருமளவு உயர்த்துகிறது என்று எம்ஐடி ஆய்வு மாணவர் ஒருவர் 2024-ன் இறுதியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். துறையின் மிகப் பெரிய பெயர்கள் அதைப் பாராட்டின. 2025 மே மாதம், அந்தத் தரவின் மூலத்திலோ நம்பகத்திலோ தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று எம்ஐடி அறிவித்தது. தேர்ந்த பொருளியலாளர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது.

5. கருவியே பாடம்

கருவியையே பாடமாக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்த பத்தாண்டில் செயற்கை நுண்ணறிவு உலக ஜிடிபியை 7 விழுக்காடு உயர்த்தக்கூடும் என்று 2023-ல் கோல்டுமன் சாக்ஸ் முதலீட்டு வங்கி மதிப்பிட்டது. பொருளியலாளர் டாரன் அசெமோக்லு 2024-ல், பத்தாண்டில் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் உயர்வு 0.66 விழுக்காட்டைத் தாண்டாது என்றார். இரண்டையும் மாணவர்களிடம் கொடுங்கள். இரண்டும் ஒரே அளவீடு இல்லை என்பதை முதலில் அவர்கள் கண்டுபிடிக்கட்டும். எத்தனை பணிகளைக் கருவி தொடும், தொட்ட பணியில் எவ்வளவு செலவு மிஞ்சும் என்ற இரு அனுமானங்களுக்கு வந்து சேரட்டும். பேரினப் பொருளியலில் அனுமானத்தின் பங்கைக் கற்பிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

6. நேரமும் ஆட்களும்

நான் கேட்பது செலவில்லாத காரியம் இல்லை. ஒரு வகுப்பில் அறுபது பேர். ஒவ்வொருவரையும் எதிரில் உட்காரவைத்து, "இந்த எண் எங்கிருந்து வந்தது? இதை ஏன் நம்புகிறாய்? யார் மறுப்பார்கள்?" என்று கேட்கப் பத்து நிமிடம். ஒரு சுற்றுக்குப் பத்து மணி நேரம். பருவத்துக்கு இரண்டு சுற்று என்றால் இருபது மணி நேரம். நோட்ஸ் எழுதவைக்கும் நேரத்தை விட்டுவிட்டால் இந்த மணிகள் கிடைக்கும். அக மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணையும் இந்த வாய்மொழித் தேர்வுக்கும் களக் குறிப்பேட்டுக்கும் மட்டும் ஒதுக்குங்கள்.

ஆனால் இதைச் செய்ய ஆசிரியர் வேண்டும். அரசுக் கல்லூரிகளில் பொருளியல் துறையின் சுமையைக் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம், ஒவ்வொரு மாணவரின் ஊரையும் தெரிந்துகொண்டு கேள்வி கேளுங்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. கருவி வந்துவிட்டதால் ஆட்களைக் குறைக்கலாம் என்ற வாதம் நிதி அதிகாரிகளிடமிருந்து வரலாம். நான் தொடக்கத்தில் சொன்ன விதியைக் கொண்டு அதற்குப் பதில் சொல்லுங்கள். நிரப்புப் பண்டத்தின் தேவை கூடும் நேரத்தில் அதன் அளிப்பைச் சுருக்குவது பொருளியலுக்கே முரணானது.

மாணவர்கள் களத்துக்குப் போய்க் கேள்வி கேட்கும் இந்த வழி நம் மண்ணில் முன்பே போடப்பட்டிருக்கிறது. 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், மாணவர்களிடம் கேள்விப்பட்டியலைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களின் ஆய்வுகள் 1918-ல் நூலாக வந்தன. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் முப்பதுகளில் அந்த ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940-ல் வெளியிட்டார்கள். பிறகு எண்பதுகளிலும் இந்த நூற்றாண்டிலும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். நூறாண்டைக் கடந்த இப்படியொரு ஊர்த் தரவுத் தொடர் உலகில் அரிது.

1916-ல் அந்தக் கேள்விப்பட்டியலோடு ஊருக்குப் போன மாணவர்கள் எத்தகைய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை யூகிப்பது கடினமில்லை. அன்று பல்கலைக்கழகக் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்று நமக்குத் தெரியும். கூலிக்காரர் வீட்டுக் கடனை அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து விசாரித்து எழுதியிருப்பார்கள். இன்று இந்த அரங்கில் இருக்கும் பலர் அந்தக் கடனை வாங்கிய வீடுகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் சிலேட்டரின் பட்டியலில் இருந்திருக்க வழியில்லை.

அதனால் துறையினரிடம் ஒரு வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில் நம் கள ஆய்வைத் தூசியிலிருந்து தொடங்குவோம். காஞ்சிபுரத்திலிருந்தும் செய்யாறிலிருந்தும் காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம். சிலேட்டரின் பழைய பட்டியலையும் பிற்கால ஆய்வுகளையும் மாணவர்கள் முதலில் படிக்கட்டும். எந்தக் கேள்வியை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது, எதைப் புதிதாகச் சேர்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். தரவைத் தொகுக்கவும் பழைய எண்களோடு ஒப்பிடவும் செயற்கை நுண்ணறிவு உதவட்டும். இந்தச் சொற்பொழிவுக்காக அறக்கட்டளை அளிக்கும் மதிப்பூதியத்தை மாணவர்களின் பயணச் செலவுக்கு எடுத்துக்கொள்ளும்படி துறைத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இப்போதே மேடைக்கு அருகில் வரலாம்.